ஆறு வீட்டுத் தடம்

கோவிச்சுக்காதீங்க தம்பி, நீங்க போன்ல பேசினது காதுல உழுந்துருச்சு. நானா ஒட்டுக் கேக்கலீங்க, நீங்கதான் பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி பேசினீங்க. லைன் வீடு வாங்கறீங்களாட்ட இருக்குது. திருப்பூர்லயா? புரோக்கர் மூலமாவா? அட, சிரிப்பு வருதுங்க எனக்கு. சிரிக்கக் கூடாது, ஆனா வருது.

பேரு திருமூர்த்திங்க. தாராபுரம். டிரான்ஸ்போர்ட்ல முப்பத்தொரு வருஷம், அதுல கடைசி பதினேழு வருஷம் செக்கிங். பஸ்ஸுல ஏறி நின்னு ஒரு பார்வை பாத்தன்னா போதும், டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு சொல்லிருவேன். மூஞ்சியிலயே எழுதியிருக்கும். ஒருக்கா ஒரு டீச்சரம்மா, டிக்கெட் சன்னல்ல பறந்து போச்சுன்னு கண்ணுல தண்ணி உட்டுச்சு. கண்டக்டரே, எடுத்தாங்க சார், நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்னான். நம்புவனா? குண்டடத்துக்கு முன்னாடி பொட்டக்காட்டுல எறக்கி உட்டுட்டேன். அப்பேர்ப்பட்ட ஆளு நானு.

அந்த ஆளத்தான் இந்த புரோக்கருங்க ஏமாத்தப் பாத்தாங்க.

ரிட்டையர் ஆகி மொத்தமா ஒரு தொகை வந்துதுங்க. என்ற சம்சாரம் பரமேஸ்வரி, பேங்க்ல போட்டுட்டு மாசாமாசம் வட்டிய வாங்கிட்டு சும்மா ஒக்காருங்கன்னா. அவளுக்கு என்ன தெரியும்? நம்மூர்ல காசு பண்றவன் எல்லாம் லைன் வீட்டுலதான் பண்றான். ஒத்தை ரூமு, ஒரு சமையல்கட்டு, மேல அட்டை கூரை, ஆறு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ், ஒரு தண்ணித்தொட்டி. அவ்வளவுதான் செலவு. பனியன் கம்பெனிக்கு வர்ற சனம் கீத்துக் கொட்டாய குடுத்தாலும் இருக்கும்ங்க. அதுகளுக்கு என்ன மொசைக்கா போடோணும்?

அப்பத்தான் சம்பந்தம்னு ஒருத்தன் வந்து சேந்தான். வெள்ளைச் சட்டை, அக்குள்ல ஒரு ரெக்சின் பை, வாயத் தொறந்தா அண்ணா, அண்ணான்னு. இவன் யாவாரம் எப்படின்னு கேளுங்க. வீட்டுக்காரனுக்கு விக்கற அவசரம்னு எங்காச்சும் மோப்பம் புடிப்பான். போயி ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்து, மூணு மாசம் கெடு வச்சு ஒரு அக்ரிமெண்டு போட்டுக்குவான். அந்த மூணு மாசத்துக்குள்ள என்னையாட்ட பென்சன்காரனப் புடிச்சு, வெலைய ஏத்திச் சொல்லி, வீட்டுக்காரன் கையால நேரா நமக்குக் கிரயம் பண்ணி உட்டுருவான். நடுவுல நிக்கற காசு அவன் பையில. சொந்தமா ஒரு செங்கல் கெடையாதுங்க. அடுத்தவன் வீட்ட இன்னொருத்தனுக்கு விக்கறான். இதுக்கு ஆபீசு வேற, சாமி படம் வேற.

எனக்கு ஒரு லைன் காட்டினான். திருப்பூருக்கு இந்தப் பக்கமே, மெயின் ரோட்ட உட்டு ஒரு தடத்துல கொஞ்ச தூரம் உள்ள போனா ஆறு வீடு. ஆறுலயும் ஆள் இருக்குது, வாடகை ஓடிட்டு இருக்குது. முப்பத்திரண்டு லட்சம்னான். எல்லாம் சேத்துத்தானுங்ண்ணா, நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம், வில்லங்கம் இல்லாம முடிச்சுக் கையில குடுத்தர்றேன்னான்.

வீட்டுக்காரிக்கு எத்தனை போகுதுன்னு கேட்டேன். அத மட்டும் கேக்காதீங்கண்ணான்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க, பதினேழு வருஷமா நான் பாத்த சிரிப்பு அது. அக்ரிமெண்டக் காட்டுன்னேன். காட்டினான். வெலை இருந்த தாளக் கையில மறைச்சுட்டுத்தான் காட்டினான், ஆனா வெரலுச் சந்துல இருபத்தெட்டுன்னு தெரிஞ்சுது. கெடு முடிய இன்னும் பதினோரு நாளுன்னும் தெரிஞ்சுது. வீட்டுக்காரி பேரு வசந்தாமணி, வெள்ளகோவில்னும் தெரிஞ்சுது. ரோசனை பண்ணிச் சொல்றேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அடுத்த நாளே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறிட்டனுங்க.

அந்தம்மா வீட்டுக்காரர் போயி ரெண்டு வருசமாச்சு. ஒரே புள்ளை ஈரோட்டுல. அங்க போயி புள்ளைக்குப் பக்கத்துல ஒரு வீடு வாங்கறதுக்காக இத விக்குது. மோர் குடுத்துச்சு. நான் நேரா விசயத்துக்கு வந்துட்டேன். "ஏனுங்கம்மா, உங்க வீட்ட அவன் முப்பத்திரண்டுக்கு விக்கறான், தெரியுங்களா?"

அந்தம்மா மோர்ச் சொம்ப ஓரமா நகத்தி வச்சுது. "எனக்கு இருபத்தெட்டு போதும்னு நானேதானுங்க சொன்னேன். மிச்சத்துல அவருக்கும் செலவு இருக்குதுங்களாம்."

"அவனுக்கு என்னங்க செலவு? பெட்ரோலா?"

"பக்கத்துக் காட்டுக்காரருகிட்ட தடத்துக்கு என்னமோ எழுதி வாங்கோணும்னாருங்க. எங்கூட்டுக்காரரு இருந்தவரைக்கும் வாய்ப்பேச்சுல போயிட்டு வந்துட்டு இருந்தோம்..."

பொம்பளைங்க விசயத்துக்குள்ள சம்பந்தமில்லாம ஒண்ண இழுப்பாங்க பாருங்க, அந்த மாதிரி. தடம் கண்ணுக்கு முன்னால கெடக்குது, நான் அதுல நடந்து போயிப் பாத்துட்டு வந்திருக்கேன், அதுல எழுதி வாங்க என்ன இருக்குது? "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க, உங்களுக்கு இருபத்தொம்பது தர்றேன், நேரா எனக்கே எழுதிக் குடுங்க"ன்னேன்.

கெடு முடியற வரைக்கும் அந்தம்மா அசையலீங்க. சொன்ன சொல்லு இருக்குதுன்னு ஒரே பேச்சு. நானும் பொறுத்தேன். நடுவுல சம்பந்தம் நாலு தடவை போன் பண்ணினான், காய்ச்சல்னு சொல்லிட்டேன். என்னை நம்பி அவன் வேற ஆளையும் தேடலை. பாத்தீங்களா, எவ்வளவு மண்டு! பதினோரு நாளும் போச்சு. பன்னண்டாம் நாள் பத்திர ஆபீசு.

எப்படியோ தெரிஞ்சு அங்கயும் வந்துட்டானுங்க. சத்தம் கித்தம் போடலை. அந்தம்மா அவன் அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துச்சு, எண்ணாமயே பையில வச்சான். என்கிட்ட வந்து, "அண்ணா, தடத்தப் பாத்தீங்களா?"ன்னான்.

"நீ மொதல்ல உன்ற தடத்தப் பாத்துட்டுப் போடா"ன்னேன்.

பத்திரம் எழுதறவங்க எல்லாம் சிரிச்சாங்க. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்குது பாருங்க, மூணு லட்சம் மிச்சம் ஆன சந்தோசம் கூட இல்லை, அவன் மூஞ்சி போன போக்கப் பாத்த சந்தோசம்.

ரெண்டு மாசம் ராசாவாட்ட போயி வாடகை வாங்கினேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போயிப் பாப்பேன். ஆணி அடிச்சிருக்குதா, சுவத்துல அடுப்புப் புகை ஏறியிருக்குதா, ரெண்டு பேருன்னு சொல்லிட்டு நாலு பேரு இருக்கறாங்களா. எல்லாம் சரி பாப்பேன். மொத வீட்டுல செல்வநாயகின்னு ஒரு புள்ளைங்க, உசிலம்பட்டிப் பக்கம், கம்பெனியில செக்கிங் வேலை. "சார், நானும் செக்கிங்தான். நாங்க துணியத்தான் பாப்போம், நீங்க ஆளையே பாக்கறீங்க"ன்னு வாய் பேசுச்சு. அதுக்கு அந்த மாசம் தண்ணிக்காசு சேத்துப் போட்டேன்.

மூணாவது மாசம் போறேன், தடத்துக்குக் குறுக்க கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருக்குது. இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் என்ற ஆறு வீடு, நடுவுல கம்பி. கம்பிக்குப் பக்கத்துல கயித்துக் கட்டலப் போட்டு ஒக்காந்திருக்கறான் பக்கத்துக் காட்டுக்காரன். நாச்சிமுத்துன்னு பேரு. ரெண்டு எருமை வச்சிருக்கறான், வேற தொழில் இல்லை.

"என்னங்க இது?"ன்னேன்.

"என்ற காடுங்க"ன்னான். "தடம் என்ற பட்டாவுல இருக்குது. வசந்தாமணி வீட்டுக்காரர் என்ற சேக்காளி, அதனால உட்டு வச்சிருந்தேன். சம்பந்தம் வந்து, பன்னண்டு அடி தடத்தைக் கிரயமாவே எழுதிக் குடுங்க, ரெண்டு லட்சம் தர்றேன்னாரு. சரின்னேன். நீங்க நடுவுல பூந்து அவர வெட்டி உட்டுட்டீங்களாமே. அப்ப நீங்க குடுங்க."

தம்பி, நீங்களே சொல்லுங்க. நடந்து போற மண்ணுக்குக் காசு கேக்கறான். எனக்குக் கோவம் வருமா வராதா? ஒரே ஒரு வார்த்தைதானுங்க சொன்னேன். ரோட்டு பேக்கரியில நின்னவங்க, லைன்காரங்க, எல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. "எருமைச் சாணியில பொழைக்கறவனுக்கு ரெண்டு லட்சம் கேக்குதா, பிச்சை வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போயி ஒக்காரு"ன்னேன். அவ்வளவுதான். இத ஒரு பெரிய விசயமா எடுத்துக்கிட்டான் அந்த ஆளு.

வக்கீலப் பாத்தேன். அந்தாளு பீசு வாங்கிட்டு, சார் கேசு நிக்கும்னாரு. நின்னுட்டேதான் இருக்குது. சர்வேயரக் கூட்டிட்டு வந்து அளந்தேன். அவன் சங்கிலியப் போட்டு அளந்துட்டு, தடம் நாச்சிமுத்துதுதான் சார், அது போக உங்க கக்கூஸ் சுவரு ஒரு அடி அவரு காட்டுல நிக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தவன் நானு! எல்லாம் ஒரே கும்பல்ங்க.

லைன்ல இருந்த சனம் பத்து நாளு காம்பவுண்டுச் சுவத்துல ஏறிக் குதிச்சுதுங்க. தண்ணிக் கொடத்தோட ஏறும், டிபன் பாக்ஸோட எறங்கும். கடைசி வீட்டுல ஒரிசாக்காரன் ஒருத்தன், அவன் சம்சாரம் ஏழு மாசம். அது ஏற முடியாம உள்ளயே கெடந்துது. எனக்கு போன் மேல போன். நான் என்ன பண்ணட்டும்? கேசு நடந்துட்டு இருக்குது, பொறுங்கன்னேன்.

இந்த செல்வநாயகி பொறுக்கலை. ஆறு வீட்டுப் பொம்பளைங்களயும் ஒட்டுக்காக் கூட்டிட்டு நாச்சிமுத்துகிட்டப் போயிருக்குது. "ஐயா, சண்டை உங்களுக்கும் அவருக்கும். நாங்க என்ன பண்ணினோம்?"னு கேட்டிருக்குது. அந்தாளும் அந்த மாசமான புள்ளையப் பாத்திருக்கறான். ரெண்டு கல்லுக்காலப் புடுங்கிட்டு கதவாட்ட ஒரு படலைக் கட்டித் தொறந்து உட்டுட்டான்.

அப்பாடான்னு அடுத்த நாளே போனேன். படலைத் தள்ளறேன், கையப் புடிச்சுட்டான்.

"குடியிருக்கறவங்க போலாம், வரலாம். அவங்க சொந்தக்காரங்க வரலாம். கேஸ் சிலிண்டர்காரன் வரலாம். நீங்க வரக் கூடாதுங்க, செக்கர்."

"என்ற வீடுடா அது!"

"வீடு உங்களுதுதான். தடம் என்றது. அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு பேச்சு சொல்லுங்க. பணம் அப்புறம் பேசிக்கலாம்."

சொல்லுவனா நானு? வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒண்ணாந்தேதி ஆனா, ரோட்டுல பேக்கரிக்கு முன்னால நான் நிக்கோணும். அதுக ஒவ்வொண்ணா வந்து வாடகையக் கையில குடுத்துட்டுப் போகும். ஓனருங்க நானு! வழியில நின்னு கை நீட்டறேன். வெயில் காலத்துல காத்தடிச்சு செல்வநாயகி வீட்டு அட்டை ஒடைஞ்சு போச்சுன்னு போன் வந்துது. நான் உள்ள போயிப் பாக்காம எப்படி நம்பறது? அதுகளே வேற அட்டை மாத்திட்டு, ஒடைஞ்ச துண்டத் தூக்கிட்டு வந்து ரோட்டுல என்ற காலடியில வச்சுதுக. "செக் பண்ணிக்கங்க சார்." எத்தனை கொழுப்பு!

ஒரு நாளு ரோசம் வந்து போச்சுங்க. லுங்கி கட்டி, தலையில துண்டச் சுத்தி, பேக்கரியில ஒரு தண்ணிக் கேன வாங்கித் தோள்ல வச்சுட்டு, மூஞ்சி தெரியாம படலுக்குள்ள பூந்துட்டேன். நாச்சிமுத்து எருமைக்குத் தீவனம் போட்டுட்டு இருந்தான். திரும்பிக் கூடப் பாக்கலை. பத்தடி போயிருப்பேன். "செக்கர், கேன மட்டும் எறக்கி வச்சுட்டுப் போங்க. அதுகளுக்குத் தண்ணி வேணும்"னான். முதுகப் பாத்தே கண்டுபுடிச்சுட்டானுங்க அந்த எருமைக்காரன். கேன எறக்கி வச்சேன். முப்பத்தஞ்சு ரூபா கேன்.

எட்டு மாசம் இப்படிப் போச்சு. நடுவுல சம்பந்தம் ஒருக்கா வந்தான். "அண்ணா, ஒரு பேச்சு நீங்க பேசினீங்கன்னா, நானே நாச்சிமுத்தண்ணன்கிட்ட மூணுக்கு முடிச்சுத் தர்றேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னான். பாத்தீங்களா தந்திரத்த? ஒண்ணும் வேண்டாம்ங்கறவன நம்பவே கூடாது. தொரத்தி உட்டுட்டேன்.

அப்புறம் ஆவணியில செல்வநாயகி புள்ளைக்குக் காது குத்து. பத்திரிகை கூட இல்லை, போன்லதான் சொல்லுச்சு. "சார், நீங்க கட்டாயம் வரோணும். உள்ள வர முடியாதுன்னு நெனைக்காதீங்க, ரோட்டுலயே உங்களுக்கு எடம் போட்டிருக்கோம்." பரமேஸ்வரியக் கூப்பிட்டேன், அவ பல்லடத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறன்னுட்டா. மாசம் ஒருக்கா தங்கச்சி வீடுதான் அவளுக்கு.

நான் போறேன், பேக்கரிக்குப் பக்கத்துல புங்கமரத்து நெழல்ல ஒரு பிளாஸ்டிக் சேரு, முன்னால ஒரு ஸ்டூலு. உள்ள பந்தலு, மைக் செட்டு, சனம் கலகலன்னு இருக்குது. சம்பந்தம் கூட உள்ள ஒக்காந்து சாப்பிடறான். நான் ஒருத்தன் ரோட்டுல. போற வண்டிக்காரன் எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறான். எந்திரிச்சு வந்தரலாம்னு நெனைக்கறேன், படலத் தொறந்துட்டு ஒரு பொம்பளை எலையும் சாப்பாடும் எடுத்துட்டு வருது. யாருங்கறீங்க?

பரமேஸ்வரி.

என்ற சம்சாரமுங்க. இடுப்புல சேலைய இழுத்துச் சொருகிட்டு, அந்த வீட்டுக்காரியாட்டமே வர்றா. ஸ்டூல்ல எலையப் போட்டா, தண்ணி தெளிச்சா, சாதம் வச்சா.

"பல்லடம்னயே?"ன்னேன்.

"சாப்பிடுங்க, ஆறுது"ன்னா.

"எத்தனை நாளா?"

"அவங்க கம்பி கட்டின மாசத்துல இருந்து. அந்த மாசமான புள்ளைக்கு கஞ்சி கொண்டாந்தேன். யாரும் என்னை எங்க போறேன்னு கேக்கலீங்க."

கேக்க மாட்டானா அந்த நாச்சிமுத்து? கேக்கலையாம். வாங்க அம்மணின்னு கட்டல்ல இருந்து எந்திரிச்சு நிப்பானாம். பாயசம் ஊத்தினா. நல்லாத்தான் இருந்துது, அத மட்டும் சொல்லோணும்.

இதுல இன்னொண்ணு சொல்லாம உட்டுட்டேன். பத்திரம் அவ பேர்லதானுங்க இருக்குது. நம்ம பேர்ல வேண்டாம், வருமானவரிக்காரன் தொல்லைன்னு அப்ப அவ பேருக்குப் பண்ணினேன். பேருக்குத்தான். ஆனா ஓனர் யாருன்னு சட்டம் கேட்டா அவதான். அடுத்த மாசம் ஒரு நாளு, "வாங்க, பத்திர ஆபீசு வரைக்கும் போயிட்டு வரலாம்"னா. எதுக்குன்னேன். "தடம் எழுதறாங்க"ன்னா. சம்பந்தம் பேசி முடிச்சிருக்கறான், மூணு லட்சம். பணம் ஏதுன்னு நான் கேக்கலீங்க. கையெழுத்துப் போடறப்பப் பாத்தேன். கையில வழக்கமா நாலு தங்க வளையல் கெடக்கும். கண்ணாடி வளையல் கெடந்துது.

சம்பந்தம் கமிசன் வாங்கலையாம். வாங்கலைன்னு அவ சொல்றா. நான் நம்பலை.

அன்னைக்கே நேரா லைனுக்குப் போனோம். நாச்சிமுத்து மிச்சக் கல்லுக்கால எல்லாம் தானே புடுங்கி ஓரமாப் போட்டுட்டு இருந்தான். பரமேஸ்வரியும் செல்வநாயகியும் முன்னால போறாங்க, சம்பந்தம் பின்னால போறான். நான் ரோட்டு ஓரத்துல நிக்கறேன். நாச்சிமுத்து கையத் தொடைச்சுட்டு என்கிட்ட வந்தான். மன்னிப்புக் கேளுன்னு சொல்லுவான், அப்ப இத இதச் சொல்லோணும்னு பஸ்ஸுல வர்றப்பவே நான் தயார் பண்ணி வச்சிருந்தேன்.

"வாங்க செக்கர். உள்ள வாங்க, டீ குடிக்கலாம்"னான்.

அவ்வளவுதான். பழசு ஒண்ணும் கேக்கலை. வேற ஒண்ணும் சொல்லலீங்க. "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். மணி அப்ப பதினொண்ணு. நம்ம ஊருக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு.

பரமேஸ்வரி திரும்பிப் பாத்தா. "சித்த நின்னுட்டு வருவாங்க, நீங்க வாங்கண்ணா"ன்னு அவனக் கூட்டிட்டு உள்ள போயிட்டா.

அஞ்சு மாசம் ஆச்சுங்க. முன்னால, டிரைவர் சீட்டுக்குப் பின்னால கம்பியப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறாளே, பச்சைச் சேலை, அவதான். ஒண்ணாந்தேதி இன்னைக்கு. அந்த ஒரிசாக்காரக் குழந்தைக்கு மொதப் பொறந்த நாளாம், கவுனு வாங்கி வச்சிருக்கறா. நான் பேக்கரி வரைக்கும் தொணைக்குப் போவேன். அவ வர்ற வரைக்கும் பேப்பர் படிச்சுட்டு ஒக்காந்திருப்பேன். வெளிச்சுவத்துக்கு நீலப் பெயிண்ட் அடிச்சிருக்கறாங்களாம், தண்ணித்தொட்டிக்கு மூடி போட்டிருக்கறாங்களாம். அவ சொல்லித்தான் தெரியும்.

எறங்கற எடம் வந்துருச்சு. நீங்க புரோக்கர நம்பாதீங்க தம்பி, சொல்லிட்டேன். எவனையும் நம்பாதீங்க.

நானா? இல்லீங்க, இன்னும் போகலை. போயி என்னத்தப் பாக்கறது, அட்டை போட்ட ஆறு வீடு. தடம் இப்ப பன்னண்டு அடி, லாரியே போகும்ங்க. போறவங்க போகட்டும்.